எல்லாம் தெரியுதுங்க

கரீம் சார் இறந்த செய்தி வந்தபோது நான் ஏரியூரில் இருந்தேன். தேர்வுக் கண்காணிப்புக்கு அனுப்பியிருந்தார்கள். மதிய இடைவேளையில் எங்கள் பள்ளியின் பியூன் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"சார், கரீம் சார் தவறிட்டாருங்க. டீ குடிச்சிட்டு உக்காந்தவருதான். எந்திரிக்கல."

முதலில் எனக்குத் தோன்றியது துக்கம் இல்லை. 'இனிமேல் சொல்லிவிடலாம்' என்று தோன்றியது. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதற்கும் பிறகு வெட்கம். துக்கம் மெல்லக் குறைந்து வருகிறது. வெட்கம் அப்படியே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கடத்தூரில் அவரை அறியாதவர்கள் குறைவு. எங்கள் மேல்நிலைப் பள்ளியின் வணிகவியல் ஆசிரியர். அவரிடம் படித்தவர்களுக்கு அவர் குரல் நினைவிருக்கும். "புரியலைன்னா கைய தூக்கு. புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டாத, கழுத்து சுளுக்கிக்கும்" என்பார். கடைசி வருடங்களில் இதைச் சற்று மாற்றிக்கொண்டார். "கைய தூக்காதீங்கப்பா, வாயத் தொறந்து கூப்புடுங்க. உங்களுக்குப் பேரு வெச்சிருக்காங்கல்ல?" வகுப்பு கலகலவென்று ஆனது. சார் வயதானதும் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கிறார் என்று தலைமையாசிரியர் குறைப்பட்டுக்கொண்டார்.

தூக்கிய கை அவருக்குத் தெரியவில்லை. அதுதான் காரணம்.

எனக்குத் தெரியவந்தது ஆசிரியர் வருகைப் பதிவேட்டினால். நான் அப்போது ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்த புதிது. ஒரு காலை என் பெயருக்கு நேராக அவர் கையெழுத்து இருந்தது. மறுநாளும் இருந்தது. தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"உங்க பேரு என் பேர விட நல்லா இருக்குதுங்க, அதான்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது என்று சேலத்து டாக்டர் சொன்னதை அன்றுதான் சொன்னார். பார்க்கும் இடத்தில் நடுவில் ஒரு புகை. ஓரத்தில் தெளிவு. பெரிய எழுத்து என்றால் பக்கத்தில் போய்ப் படிக்கலாம். புத்தக எழுத்து எறும்பு வரிசை.

எங்களுடையது தனியார் நிர்வாகப் பள்ளி. அவருடைய இடத்துக்குத் தாளாளரின் உறவுக்காரர் ஒருவர் காத்திருந்தார். காரணம் ஒன்றுதான் வேண்டியிருந்தது. சாரின் இரண்டு பெண்களும் அப்போது தர்மபுரியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய பாடங்கள் அவருக்கு மனப்பாடம். அதை வைத்து ஓட்டினார். அந்த வருடம் பாடத்திட்டம் மாறியது. ஆங்கில வழி வகுப்புக்குப் புதுப் புத்தகம் வந்தது. நான் படித்துக் காட்டுகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்க படிச்சா அது உங்க பாடமாப் போயிடுங்க. வரிய நான் பாக்கணும். எந்த வரிக்கிட்ட பையன் முழிப்பான்னு பாத்தாத்தான் எனக்குத் தெரியும்."

அவருடைய தம்பி ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். அவர் விடுப்பில் வந்தபோது, கம்பெனி கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். மடியில் வைத்துக்கொள்ளும் வகை. சூட்கேஸ் மாதிரி மூடியைத் திறந்தால் உள்பக்கம் திரை. சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்து. நல்ல கண் உள்ள நானே தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தேட வேண்டியிருந்தது. சார் மூக்கை அதில் உரசிப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்குன்னு பாத்துக் கொண்டாந்திருக்கான்" என்றார்.

கூடவே வந்த கையேட்டை நான் படித்தேன். இயந்திரத்தின் முதுகில் ஒரு சிறு துளை இருந்தது. அதன் வழியாகப் படத்தை வெளியே வேறு திரைக்குக் கொண்டுபோகலாம். ஒரு வரிக்கு நாற்பது எழுத்து மட்டும் வரும்படி வைத்தால் எழுத்து இரண்டு மடங்கு அகலமாகும். பெரிய டிவி என்றால் ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். புத்தகத்தை நான் தட்டெழுதி ஏற்றிவிட்டால், அவர் தன் கண்ணாலேயே படிக்கலாம்.

ஒரே சிக்கல். அந்தக் கம்பியை நேராக டிவியில் சொருக முடியாது. டிவியில் ஆன்டெனாவுக்கு மட்டுமே இடம். நடுவில் கேசட்டில் படம் ஓட்டும் வீடியோ டெக் ஒன்று இருந்தால், அது படத்தை வாங்கி டிவிக்குக் கொடுக்கும். எனவே டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுக்க வேண்டும்.

கடைத்தெருவில் முருகேசன் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கல்யாண வீடு, காதுகுத்து, எல்லாவற்றுக்கும் அவரிடம்தான்.

"என்ன படம் வேணுங்க? புதுசு நாலு வந்திருக்குது."

"கேசட் வேண்டாங்க. டெக்கும் டிவியும் மட்டும் போதும்" என்றேன்.

முருகேசன் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார். "கேசட்டு நீங்களே வெச்சிருக்கீங்களாங்க?"

"ஆமாங்க" என்றார் சார், பேச்சை முடிக்க.

முருகேசன் மேலே எதுவும் கேட்கவில்லை. குரலை மட்டும் இறக்கினார். "செரிங்க சார். பாத்துட்டுப் பத்தரமாக் கொடுங்க."

நாங்கள் இருவரும் படித்தவர்கள். எங்களுக்கு எதுவும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சார் வீடு. சாரின் மனைவி மெஹருன்னிசா பெண்களோடு அரூரில் தாய்வீட்டுக்குப் போயிருந்தார். மாலையானால் மின்னழுத்தம் இறங்கிப் படம் சுருங்கிவிடும் என்பதால் மதியத்தைத் தேர்ந்தெடுத்தோம். வெயில் திரையில் அடித்தது. ஜன்னல்களைச் சாத்தினோம். இடுக்கில் வெளிச்சம் வந்ததால் போர்வையை மாட்டினோம். கதவைத் தாழிட்டோம். தையல் மெஷின் மேல் டிவி. தரையில் டெக். முக்காலியில் கம்ப்யூட்டர். தட்டெழுத்தில் அவர் ஹையர் பாஸ் செய்தவர். விசைகளைப் பார்க்கத் தேவையில்லை.

எழுத்து வந்தது. நிற்கவில்லை. மேலிருந்து கீழாக உருண்டு ஓடிக்கொண்டே இருந்தது. அமெரிக்காவில் செய்த அந்த இயந்திரத்தின் படமும் நம் நாட்டு டிவியும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்று கையேட்டிலிருந்து ஊகித்தேன். டிவியின் பின்னால் ஒரு திருகு உண்டு. நான் பின்னால் போய் அதைத் திருக, சார் முன்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஓடுது… ஓடுது… மெதுவாங்க. இன்னுங் கொஞ்சம். ஆங், அப்படித்தான். ஐயோ, போச்சு. மறுபடி, மறுபடி."

"இப்ப எப்படிங்க சார்?"

"நின்னுடுச்சு! அசையாதீங்க. அப்படியே இருங்க."

"நல்லாத் தெரியுதா?"

டிவிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். அவர் முகம் திரையிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. முகம் முழுக்க வெளிச்சம். ஆங்கில வழிப் புத்தகத்தின் முதல் வாக்கியத்தை வாயசைத்துப் படித்து முடித்திருந்தார்.

"தெரியுதுங்க," என்றார் சத்தமாக. "எல்லாந் தெரியுதுங்க! யாரும் மறைக்காம, முழுசா!"

கதவு தட்டப்பட்டது.

வெளியே வீட்டுக்காரர் சின்னசாமி. கூட அக்கம்பக்கத்தார் சிலர். அவர்களில் ஒருவர் எங்கள் பள்ளிக் கிளார்க். முருகேசன் கடையில் விழுந்த சொல் எங்களுக்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டிருந்தது. அவர்கள் ஜன்னலருகே எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று தெரியாது. நாங்கள் பேசியதைக் கேட்டிருக்கிறார்கள். அதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

கதவைத் திறப்பதற்கு முன் சார் ஒன்று செய்தார். டிவியை அணைத்தார். கம்ப்யூட்டரின் மூடியைச் சாத்தி, போர்வையை இழுத்து அதன்மேல் போட்டார்.

"என்னங்க வாத்தியாரே," என்றார் சின்னசாமி. "வூட்டுல பொம்பளைங்க இல்லீன்னா இதானா? குடும்பம் இருக்கற தெருவுங்க இது."

பின்னாலிருந்து ஒருவர், "எங்களயும் ஒரு வார்த்த கூப்புட்டிருக்கலாமில்லீங்க. தனியாவே பாத்துட்டீங்களே" என்றார். சிரிப்பு.

நான் வாயைத் திறந்தேன். "இல்லீங்க, இது வந்து, கம்ப்யூ…"

சார் என் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கமாக. தலையைக் குனிந்தார். "தப்புதாங்க. ஆசப்பட்டுட்டோம். இனிமே நடக்காது."

கிளார்க் போர்வையையும் டெக்கையும் பார்த்தார். புன்னகைத்துவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு நான் கத்தினேன். கம்ப்யூட்டர் என்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்குமே என்று.

"தீராதுங்க," என்றார். "அதுலயே ஒரு ஸ்கிரீன் இருக்குதே, அப்புறம் எதுக்கு சார் டிவின்னு அந்தக் கிளார்க்கு கேப்பான். அடுத்த கேள்வி நேரா கண்ணுலதான் வந்து நிக்கும்."

அதற்குப் பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "யோசிச்சுப் பாருங்க. அந்த மாதிரிப் படம் பாக்கறவனுக்குக் கண்ணு தெரியலைன்னு இனிமே எவனாவது சொல்லுவானா?"

யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை தலைமையாசிரியர் எங்களைக் கூப்பிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஒழுக்கம் பற்றிப் பேசினார். சாரின் பார்வையைப் பற்றிப் பள்ளியில் ஓடிக்கொண்டிருந்த முணுமுணுப்பு அந்த வாரமே நின்றது. ஆட்களை நீக்கும் அளவுக்கு அது பெரிய குற்றமும் இல்லை. பாதி ஊர் செய்து பார்க்க நினைப்பதுதான். ஆசிரியர் அறையில் சிலர் ரகசியமாக அவரிடம் கேசட் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். சார் பொறுமையாக, "திருப்பிக் கொடுத்துட்டேங்க" என்பார்.

அடுத்த விடுப்பில் தம்பி ஒரு பழைய மானிட்டரையே கொண்டுவந்துவிட்டார். பச்சை எழுத்து. அது உள்ளறையில் நிலையாக இருந்தது. பள்ளிக்குக் கிளம்பும் முன் சார் அன்றைய பாடத்தை அதில் படித்துவிட்டு வருவார். புத்தகத்தைக் கையில் திறந்து வைத்துக்கொண்டு, பார்க்காமல் நடத்துவார். சாகும் வாரம்வரை நடத்தினார்.

எனக்குத் தர்மபுரியில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டார் கடத்தூரில் விசாரித்தார்கள். அதன் பிறகு பேச்சு இல்லை. சார் எப்படியோ அறிந்து என் அறைக்கு வந்தார். "நான் போயி அவங்ககிட்ட உள்ளதச் சொல்லிடறங்க. உங்க வாழ்க்க இது" என்றார். வேண்டாம் என்றேன். சொன்ன குரலில் வேண்டும் என்பதும் இருந்தது. அவருக்குக் கண்தான் மங்கல். அந்த 'வேண்டும்' காதில் விழுந்திருக்கும். போகவில்லை. அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. கோபத்தோடுதான் அவருக்குப் பாடங்களைத் தட்டெழுதிக் கொடுத்தேன்.

அடக்கத்துக்கு ஏரியூரிலிருந்து வந்து சேர்ந்தேன். பள்ளிவாசல் வாசலில் எனக்குப் பின்னால் யாரோ மெல்லச் சொன்னார்கள்: "நல்ல மனுசன். அந்த ஒரு வீக்னெஸ்தான்." திரும்பிச் சொல்லிவிட நாக்கு எழுந்தது. அவருக்காகவா, எனக்காகவா என்று பிரிக்க முடியவில்லை. பேசாமல் நின்றேன்.

சில வாரங்கள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் இறந்தபின் வெளி ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தா நாட்கள் என்பதால் மெஹருன்னிசா அம்மா திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். நடந்ததை எழுதலாமா என்று கேட்டேன். அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்குத் தெரியாது. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எல்லாந் தெரியும் தம்பி. அரூர்லருந்து வந்த அன்னைக்கே சொல்லிட்டாரு. மறுநா கொழாயடில தண்ணி புடிக்கப் போனேன். எல்லாப் பொம்பளைங்களும் என்னயப் பாத்துச் சிரிச்சாளுங்க. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன்."

"உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா…"

"வெக்கப்பட்டுக் குனியல தம்பி. குனியலைன்னா அவளுங்க நம்ப மாட்டாளுங்களே."

திரைக்குப் பின்னால் வளையல் இல்லாத கை கோப்பையை நகர்த்தும் சத்தம்.

"எழுதுங்க," என்றார். "இனிமே அவரு வேலைய யாரும் புடுங்க முடியாது."

எழுதிவிட்டேன். அவரை அறிந்தவர்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பார்த்தது வணிகவியல் புத்தகத்தின் முதல் பக்கம்.

ஆனால் தெருவில் இருப்பவர்கள் இதைப் படிக்கப்போவதில்லை. கடத்தூரில் எங்களுக்கு வைத்த பெயர்கள் அப்படியே இருக்கும். அவர் பெரிய டெக். நான் சின்ன டெக். இத்தனை வருடங்களாக அந்தப் பெயர் காதில் விழுந்தால் வேகமாக நடப்பேன். அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். இருவருடையதாக இருந்தது இப்போது முழுக்க என்னிடம் வந்திருக்கிறது.

போன சந்தை நாளில் கூட்டத்தில் யாரோ கூப்பிட்டார்கள். "யாரு, சின்ன டெக்குங்களா?"

நின்றேன். தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டேன்.

"ஆமாங்க," என்றேன்.