இருபத்தெட்டு றாத்தல்

என் இத்தாவின் இரண்டாம் மாதத்தில் அந்தக் கார் வந்தது. புருஷன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் முகம் படாமல் வீட்டுக்குள் இருப்பது எங்கள் முறை. எனக்கு அது கஷ்டமாகவே தெரியவில்லை. எழும்பி எங்கே போகப்போகிறேன்? வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு நடு அறைக்கும் குசினிக்குமாக நடந்தேன். ரொட்டி சுட்டேன், தொழுதேன், படுத்தேன். அழவில்லை.

அழாததுதான் ஊருக்குப் பெரிய கதையாகிவிட்டது. பார்க்க வந்த பெண்கள் நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "கல்லு மனசுகா இவளுக்கு" என்று உம்மாவின் காதில் ஊதிவிட்டுப் போனார்கள். காதில் ஊதுவதென்றால் எனக்குக் கேட்காமல் ஊத வேண்டாமா? உம்மாவுக்கும் பயம் பிடித்துவிட்டது.

"கொஞ்சம் அழு புள்ள. நெஞ்சு அடைச்சிப் போயிரும்."

"வரல்ல உம்மா. வராததுக்கு நான் என்ன செய்ய?"

உண்மையாகவே வரவில்லை. பசியும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அடுப்பில் கை சுட்டால்கூட, சுட்டுவிட்டது என்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் டயர் கடை கல்முனைக்குடியில் மெயின் ரோட்டை ஒட்டி, என் சீதன வீட்டின் முன் விறாந்தையிலேயே இருந்தது. காற்றடிக்கிற மெசின் மட்டும் பின்பக்கம், குசினிச் சுவரோடு. ரோட்டுப் புழுதி அதற்கு ஆகாது என்று என் புருஷன் அங்கே கொண்டுபோய் வைத்தார். சுவிட்ச் என் அடுப்புக்குப் பக்கத்தில். கடல் காற்றில், மெசின் காற்றைச் சேர்த்து வைக்கிற தாங்கி துருப்பிடித்து ஓட்டையாகிவிட, அதைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே குழாயை மாட்டியிருந்தார். அதனால் மெசின் நின்றால்தான் காற்று நிற்கும். முன்னாலிருந்து "போடு புள்ள" என்பார், போடுவேன். "போதும்" என்பார், நிறுத்துவேன். பத்து வருடத்தில் நாங்கள் கதைத்த கதையில் பாதி அந்த இரண்டு சொல்தான்.

கடைசியாக அவர் காற்றடித்தது நெல் லொறியின் சில்லு ஒன்றுக்கு. லொறிச் சில்லில் டயரை இறுக்கிப் பிடிக்க ஓர் இரும்பு வளையம் இருக்கும். காற்று அளவு மீறினால் அது தெறிக்கும். "போதும்" என்ற சத்தம் எனக்குக் கேட்டது. சட்டியில் ரொட்டி கிடந்தது. இதைப் புரட்டிப் போட்டுவிட்டு நிறுத்துவோம் என்று நினைத்தேன். புரட்டினேன். கையெல்லாம் மா, அதையும் துடைத்தேன். "போதும் புள்ள!" என்று இரண்டாம் தரம் கூப்பிட்டார். காற்றடித்து முடிந்ததும் கையிலிருக்கிற, காற்றை அளக்கிற கேஜின் பின்பக்கத்தால் வளையத்தில் மூன்று தட்டுத் தட்டிச் சத்தம் பார்ப்பது அவருடைய பழக்கம். இரண்டு தட்டுக் கேட்டது. பிறகு வீடே அதிர்ந்தது.

அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். நானும் ஓம் என்றேன். ரொட்டியைப் பற்றி ஒருவருக்கும் சொல்லவில்லை. நான் உடனே நிறுத்தியிருந்தால் அவர் இருந்திருப்பாரா? இந்த ஒன்றைத்தான் காலையிலிருந்து படுக்கும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். இதை யாரிடம் போய்க் கேட்பது?

கடையை என் தம்பி எடுத்து நடத்தினான். மூன்று பிள்ளைகளின் வாப்பா, பொறுமைசாலி. சுவிட்சை நான் தொடமாட்டேன் என்று சொன்னதும் ஏனென்று கேட்கவில்லை. ஒவ்வொரு சில்லுக்கும் முன்னுக்கும் பின்னுக்கும் அவனே ஓடினான்.

அன்று பகல் லுஹர் தொழுது முடிந்த நேரம். ரோட்டில் ஓர் உறுமல் வந்து எங்கள் வாசலில் நின்றது. திரைச்சீலையின் ஓரத்தால் பார்த்தேன். சிவப்பு நிறத்தில் இரண்டே கதவுள்ள கார், நிலத்தோடு நிலமாகப் படுத்திருந்தது. கோழிகூட அதற்கு அடியில் குனிந்துதான் போக வேண்டும். எதிர்த் தேத்தண்ணிக் கடையிலிருந்த ஆட்கள் எல்லாரும் கிளாசும் கையுமாக எழும்பி வந்துவிட்டார்கள். வந்தவர் ஒரு நெல் மில்காரரின் மருமகன், கொழும்பு ஆள். டுபாயில் பந்தயக் கார்களுக்கு வேலை செய்தவராம். பொத்துவில் ரோட்டில் இதை ஒருக்கா ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். ஆமிக்காரன் சென்றிக்குச் சென்றி மறித்து, ஆட்களை இறக்கிச் சோதித்து ஏற்றுகிற ரோட்டில் என்ன ஓட்டம் ஓடப்போகிறாய் மனிசா என்று நினைத்தேன்.

"முன்னுக்கு இருபத்தெட்டு றாத்தல் காத்து. பின்னுக்கு முப்பது. ஒண்டு கூடவும் படாது, குறையவும் படாது" என்றார்.

தம்பி சிரித்துவிட்டான். "இருபத்தெட்டா? என்ட சைக்கிளுக்கே அதவிடக் கூட அடிப்பன்."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் நல்ல டயர் என்றால் கல்லுப்போல இருக்க வேண்டும். ஐம்பது மூடை ஏற்றுகிற வண்டியில் எண்பது மூடை ஏற்றுவார்கள். அதற்காகக் காற்றையும் கூட அடிப்பார்கள். சாரதி இறங்கி வந்து காலால் ஓர் உதை உதைப்பார், கால் நொந்தால் சரி. இத்தனை றாத்தல்தான் வேண்டும் என்று அளவு சொல்லிக் கேட்ட ஆள் ஒருவர்கூட அந்தக் கடைக்கு வந்ததில்லை.

கொழும்புக்காரர் பொறுமையாகச் சொன்னார். இந்தக் காரில் ஒவ்வொரு டயரும் ஓர் உள்ளங்கை அளவுதான் ரோட்டில் படும், காற்றுக் கூடினால் அதிலும் நடுப்பகுதி மட்டும்தான் படும், வேகத்தில் பிரேக் பிடித்தால் கார் தன்பாட்டில் போய்விடும் என்றார். ஓடி வந்த சூட்டோடு அளந்தால் கூடக் காட்டும் என்று காரை வேப்பமர நிழலில் விட்டுவிட்டுப் பின்னேர அஸர் தொழுகைவரைக்கும் உட்கார்ந்திருந்தார். உம்மா தேத்தண்ணி கொடுத்தனுப்பினா. நான் பின்னேரத்துக்கு மா குழைத்தேன்.

அஸருக்குப் பிறகு தம்பி எங்கள் கேஜால் முன் சில்லு இரண்டையும் அளந்து, சரியாக இருபத்தெட்டில் வைத்தான். வந்தவர் தோல் உறையிலிருந்து தன் கேஜை எடுத்து வைத்துப் பார்த்தார். முப்பத்தாறு காட்டியது. மற்றச் சில்லிலும் முப்பத்தாறு.

"தம்பி, உங்கட கேஜ் பொய் செல்லுது. எட்டு றாத்தல் குறைச்சிக் காட்டுது."

"இது எங்கட மச்சான்ட கேஜ். பொய் சொல்லாது" என்று தம்பி எகிறினான்.

"ஒரே அடியில வந்த பிழை இல்ல, கனநாளா அடிபட்டிருக்கும். இதால எதையும் தட்டப் படாது. தட்டினா உள்ளுக்கு இருக்கிற கம்பி நெளிஞ்சி போகும்."

நான் மாக்கையோடு திரைக்குப் பின்னால் நின்றேன். இருபத்தெட்டில் எட்டு என்றால், லொறி டயரில் எத்தனை? தொண்ணூறு என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே நூறையும் தாண்டியிருக்கும். "போதும்" என்று அவர் வாய் திறக்க முன்னமே காற்று அளவு மீறிவிட்டது. அப்படியென்றால் ரொட்டி இல்லை. நான் இல்லை. சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மரத்துப்போன காலில் இரத்தம் ஓடத் தொடங்கினால் ஊசி குத்துமே, அப்படித்தான் ஏதோ வந்தது. அது கோபம்.

"எத்தின தரம் சொன்னன்!" என்று கத்தினேன். "கேஜால தட்டாதீங்க, தட்டாதீங்கண்டு எத்தின தரம் சொன்னன்! தட்டுறதுக்கு ஒரு இரும்புத் துண்டு கிடைக்கல்லியா உங்களுக்கு? சொன்னா ஒருநாளாவது கேட்டிருக்கீங்களா? மடையன்! மடையன்!"

உம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினா. "அல்லாவே! சத்தம் ரோட்டுக்குக் கேக்குதுகா. இத்தாவில இரிக்கிறாய்!"

"கேக்கட்டும்" என்றேன்.

வெளியே கொழும்புக்காரர் மெதுவாக, "யாரு?" என்று கேட்டார். "ராத்தா. அவட புருஷன்ட கடைதான் இது" என்றான் தம்பி. காற்றடிக்கும்போது வளையம் தெறித்து மச்சான் மௌத்தானதையும் சொன்னான். அந்த மனிதர் தன் கேஜைத் தம்பியின் கையில் கொடுத்து, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார். முன் சில்லு இரண்டும் இருபத்தெட்டுக்கு வந்தன. பின் சில்லு ஒன்று முப்பது. மற்றதில் தம்பி காற்றைக் கூட விட்டுவிட்டான். இருபத்தைந்து. திரும்ப அடிக்க வேண்டும். பின்பக்கம் ஓட அவன் எழும்பினான்.

"நீ போகாத" என்று திரைக்குப் பின்னாலிருந்து சொன்னேன். "நான் போடுறன்."

அவன் அப்படியே நின்றான். "ராத்தா, வேணா."

"இரி எண்டு சொன்னா இரி."

குசினிக்குப் போனேன். அடுப்பைத் தணித்து, முதல் ரொட்டியைச் சட்டியில் போட்டுவிட்டுத்தான் திரையடிக்குப் போயிருந்தேன். அது ஒரு பக்கம் வெந்து கிடந்தது. கையில் மா. சுவிட்சைப் போட்டேன். இத்தனை நாளுக்குப் பிறகு என் கையால் அந்தச் சத்தம் கிளம்பியது. ரொட்டியின் ஓரம் கருகத் தொடங்கியது. புரட்டவில்லை. கையைத் துடைக்கவில்லை. விரலைச் சுவிட்சிலிருந்து எடுக்கவும் இல்லை.

"போதும்!"

சொல் முடிய முன்னமே மெசின் நின்றுவிட்டது. சொல்லின் கடைசி எழுத்து அந்த அமைதியில் தனியாகக் கேட்டது. "முப்பது. கணக்கா முப்பது" என்று வெளியே கொழும்புக்காரர் சொல்வதும் கேட்டது.

சுவிட்சில் என் மா விரல் பதிந்திருந்ததைப் பார்த்தேன். அவ்வளவு கெதியாக நிறுத்த முடியும் என்று, அன்றும் முடிந்திருக்கும் என்று, அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுப்படியிலேயே குந்திவிட்டேன். கத்திக் கத்தி அழுதேன். உம்மா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, தலையைத் தடவி, "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தா.