சுவரில் ஒரு நெயில் பாலிஷ் கோடு

எனக்கு மெக்கானிக்குகளை நம்பிப் பழக்கமில்லை. நன்றாக இருக்கிற ஒன்றைக் கெடுத்துத்தான் வண்டியைத் திருப்பித் தருவார்கள் என்பது என் கட்சி. அதனால் பன்னிரண்டு வருடமாக என் மோட்டார்சைக்கிளுக்கு நானே டாக்டர், நானே கம்பவுண்டர். என் மனைவி இதைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பாள். நான் எதைக் கழற்றி மாட்டினாலும் கடைசியில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். அதை எடுத்து ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைப்பாள். "இதெல்லாம் சேத்தா இன்னொரு வண்டி செஞ்சிடலாம் போலிருக்கே" என்பாள். அந்த டப்பா இன்னும் ஃபிரிட்ஜ் மேல்தான் இருக்கிறது. அவள் போய் ஒரு வருடமும் சில மாதங்களும் ஆகின்றன.

அவள் போன பிறகு வண்டியின் ஹெட்லைட் மங்கிக்கொண்டே வருவதாக எனக்குத் தோன்றியது. இந்தக் கன்னட ஊரின் ஓரத்தில், ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஆறரைக்கு ஷிப்ட் முடித்துக் கிளம்பினால், எங்கள் லேஅவுட்டுக்குத் திரும்பும் ஏரிக்கரை ரோட்டுக்கு வரும்போது நன்றாக இருட்டிவிடும். அங்கே தெருவிளக்குக் கம்பங்கள் உண்டு, விளக்குதான் எரியாது. முன்பெல்லாம் அந்த வளைவுவரைக்கும் வெளிச்சம் போகும். இப்போது முன்சக்கரத்துக்குக் கொஞ்சம் தள்ளி விழுந்து அங்கேயே நின்றுவிடுகிறது. பல்புக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன். கண்ணாடியில் அழுக்கு என்று துடைத்தேன். எனக்குத்தான் வயதாகிறதோ என்று கண் டாக்டரிடம் போய்ப் புதுக் கண்ணாடிகூடப் போட்டுக்கொண்டேன். வெளிச்சம் மட்டும் நீளவில்லை.

ஒருநாள் அந்த ரோட்டில் எங்கள் லேஅவுட் செக்யூரிட்டிப் பெரியவர் டூட்டிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். நீலச் சட்டை, கையில் சாப்பாட்டுப் பை. என் வெளிச்சத்தில் முதலில் அவருடைய செருப்புதான் தெரிந்தது. பிரேக்கை அமுக்கியதில் வண்டி கோணிக்கொண்டு போய் அவர் பையை உரசி நின்றது. அவர் என்னைத் திட்டவில்லை. "நோட்கொண்டு ஹோகி சார், பார்த்து மெதுவா போங்க" என்று கன்னடத்திலும் தமிழிலுமாகச் சொல்லிவிட்டு நடந்தார். மனிதரைக் கொன்றிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை சிவாஜிநகர் போனேன். வண்டிச் சாமான் விற்கும் சந்தில், ஆள் ஒருக்களித்து நுழையும் அகலத்தில் ஒரு கடை. கடைக்கார பாய் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஏசி வண்டியா, டிசி வண்டியா?" என்று கேட்டார். டிசி என்றேன். "அப்ப பேட்டரில நேரா எரியும். எல்இடி போட்டுக்குங்க சார். ரோட்ல எறும்பு போனா எறும்பு தெரியும்" என்றார். எனக்கு எறும்பு வேண்டாம், ஆள் தெரிந்தால் போதும் என்றேன். அதற்குத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

ஞாயிறு சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்தி வேலையை ஆரம்பித்தேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் ஹெட்லைட் முகம் அப்படியே கையோடு வந்துவிடும். பின்னால் மூன்று கால் பிளக்கைப் பிடுங்கி, ரப்பர் மூடியை உரித்து, கம்பி கிளிப்பைத் தள்ளிவிட்டு, பழைய பல்பை வெளியே எடுத்தேன். அதன் தலை கருத்திருந்தது. பார்த்தாயா, நான் சொன்னேனே, பல்புதான் என்று யாரிடமோ மனதுக்குள் வாதாடினேன். எல்இடி பல்பின் முதுகில் சின்ன ஃபேன் ஒன்று இருந்தது. அதற்கு ரப்பர் மூடியின் ஓட்டை போதவில்லை, பிளேடால் வட்டமாக நறுக்கிப் பெரிதாக்கினேன். பல்பின் இரண்டு பக்கமும் இருக்கும் விளக்குப் பொட்டுகள் இடமும் வலமுமாகப் பார்க்க வேண்டும், மேலும் கீழும் பார்த்தால் வெளிச்சம் கண்டபடி சிதறும். அதையும் சரிபார்த்து, ஒயரை மடக்கி உள்ளே திணித்து மூடினேன். இந்த முறை ஒரு ஸ்க்ரூவும் மிஞ்சவில்லை. அதைச் சொல்லிக்கொள்ள வாசலில் ஆள் இல்லை.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு காலி சைட். அதற்கு ஒரு காம்பவுண்ட் சுவர். அந்தச் சுவரில் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, ஒரு முழ நீளத்துக்கு, சிவப்பு நெயில் பாலிஷ் கோடு ஒன்று இருக்கிறது. அது அவள் போட்டது.

அந்தக் கோட்டுக்கு ஒரு கதை உண்டு. அவள் ஒரு தையல் யூனிட்டில் வேலை பார்த்தாள். தினமும் சாயங்காலம் அவளை ஏற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவேன். பின்னால் உட்கார்ந்து, என் வலது தோளைப் பிடித்துக்கொண்டு, ஒருநாள் சொன்னாள்: "ஏங்க, எதிர்ல வர்றவங்க எல்லாம் நம்மளத்தான் திட்டிட்டுப் போறாங்க. லைட்டு அவங்க கண்ணுலயே அடிக்குது போல." நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன். அந்த நாளைக்கு வர நாலு மாதம் ஆயிற்று. ஒருவழியாக உட்கார்ந்தபோது, சுவரில் எந்த உயரத்தில் குறி வேண்டும் என்று நான் சொல்ல, அவள் போய் நெயில் பாலிஷால் கோடு போட்டாள். சாக்பீஸ் போதும் என்றேன். "மழை பெஞ்சா போயிடும். அப்புறம் அடுத்த தடவைக்கு நீங்க இன்னொரு நாலு மாசம் எடுப்பீங்க" என்றாள். திரும்பி வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நான் முன்னால் உட்கார்ந்து, குனிந்து, ஹெட்லைட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்க்ரூவை வெளிச்சம் கோட்டுக்கு இறங்கும்வரை திருகினேன். அதற்குப் பிறகு எதிரில் வந்தவர்கள் யாரும் திட்டவில்லை.

நாளைக்கு என்ற என் வார்த்தை அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு வியாழக்கிழமை, இடது கை மரத்துப்போகிற மாதிரி இருக்கிறது என்றாள். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தே இருந்தால் அப்படித்தான் இருக்கும், சனிக்கிழமை எனக்கு லீவு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். வெள்ளிக்கிழமை காலையில் சமையலறையில் விழுந்தாள். இதை நான் யாரிடமும் சுற்றி வளைத்துச் சொன்னதில்லை. நான் ஒத்திப்போட்டேன், அவள் இறந்துபோனாள்.

புது பல்பைப் போட்டு, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, மேலே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். சுவரின் அடிப்பகுதி முழுக்க வெள்ளை வெளிச்சம். எத்தனை வருட அழுக்கும் தெரிந்தது. ஆனால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கோட்டுக்கு ஒரு சாண் கீழேயே நின்றது. எனக்கு வந்ததே கோபம். சிவாஜிநகர் பாயை வாயில் வந்தபடி திட்டினேன். அப்போது உள்ளேயிருந்து என் மகள், "அப்பா, டீ ஆறுது" என்று கூப்பிட்டாள். பதில் சொல்லத் திரும்பினேன். திரும்பும்போது பின்சீட்டில் கையை நன்றாக ஊன்றினேன்.

சுவரில் வெளிச்சம் மெல்ல மேலே ஏறியது.

கையை எடுத்தேன், இறங்கியது. மறுபடி ஊன்றினேன், ஏறியது. ஒரு கணம் உண்மையாகவே அவள்தான் ஏறி உட்கார்கிறாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, நம்பினேன். பிறகுதான் புத்தி வேலை செய்தது. பின்னால் எடை ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கும், மூக்கு நிமிரும், வெளிச்சம் மேலே போகும். அன்றைக்கு அவளை உட்கார வைத்துக்கொண்டு அந்த ஸ்க்ரூவைத் திருகியிருக்கிறேன். அவள் எடை இருந்தால்தான் இந்த விளக்கு கோட்டைத் தொடும். பல்பு மங்கவில்லை, என் கண்ணும் மங்கவில்லை. வெறும் சீட்டோடு ஒரு வருடமாக ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். கம்பெனியில் பத்து மிஷினை மேய்க்கிற எனக்கு இது புரிய ஒரு வருடம் பிடித்திருக்கிறது.

நியாயமாக அப்போதே ஸ்க்ரூவை இரண்டு சுற்றுச் சுற்றியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. வராந்தாவிலிருந்து இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி வந்து பின்சீட்டில் வைத்து, கயிற்றால் கட்டி, முன்னால் ஏறி உட்கார்ந்தேன். வெளிச்சம் கோட்டை நோக்கி ஏறிப் பாதி வழியில் நின்றது. கேன் என் முதுகில் சாய்ந்தது. நான் மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே தண்ணீர் அசைந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மகள் டீ டம்ளரோடு வாசலுக்கு வந்தாள்.

"என்னப்பா பண்றே?"

விஷயத்தைச் சொன்னேன், செக்யூரிட்டிப் பெரியவர் மேல் மோதப் போனதையும் சேர்த்து. அவள் சுவரைப் பார்த்தாள், கேனைப் பார்த்தாள். டம்ளரைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ராத்திரி சாப்பாட்டின்போது அவள் கண் வீங்கியிருந்தது.

அந்த ஸ்க்ரூவைத் தொட எனக்கு மனம் வரவில்லை. என் மனைவியின் சேலைகளை அவளுடைய தங்கைகளுக்குக் கொடுத்தாகிவிட்டது. போனை மகள் வைத்துக்கொண்டாள். அவள் உடம்பின் எடை மட்டும் இந்த வண்டியில் ஒரு ஸ்க்ரூவின் சுற்றுகளில் மிச்சமிருக்கிறது, அதை நானே திருகி அழிப்பதா என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டேன். புது விளக்கின் வெள்ளை வெளிச்சம் முன்சக்கரத்துக்கு அருகில் பளீரென்று விழும், அதைத் தாண்டினால் முன்னைவிட அதிக இருட்டு. ஏரிக்கரை ரோட்டில் தோள் கனக்கும். யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும். திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் சீட் காலியாக இருக்கும் என்பதுதான் பயம்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மகள்தான் சொன்னாள். "அந்த செக்யூரிட்டி தாத்தா இன்னும் அதே ரோட்லதாம்பா நடந்து வர்றாரு. நீ திருப்பலைன்னா நான் திருப்புறேன்." குரலில் கோபம் இல்லை. அதனால்தான் சுருக்கென்றது. நானே திருப்புகிறேன் என்று ஸ்க்ரூடிரைவரோடு போனேன். தனியாக உட்கார்ந்து, குனிந்து, வெளிச்சம் கோட்டுக்கு ஏறும்வரை திருகினேன். இரண்டேகால் சுற்று. அவ்வளவுதான் பாக்கி இருந்திருக்கிறது. முடித்துவிட்டு வண்டி மேலேயே கவிழ்ந்து அழுதேன்.

மறுநாளிலிருந்து ஏரிக்கரை ரோடு வளைவுவரைக்கும் தெரிந்தது. பெரியவர் தூரத்தில் நடப்பதும், அவர் பையும், குறுக்கே ஓடும் நாயும் தெரிந்தன. தோள் கனக்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் எனக்கு அந்த ரோட்டின் மேல் வெறுப்பாக வந்தது.

இரண்டு வாரம் போயிருக்கும். மகளுடைய ஸ்கூட்டர் பஞ்சர். ஆபீஸ் வாசலுக்கு வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். அவள் அம்மா போன பிறகு அவள் என் பின்னால் உட்கார்வது அதுவே முதல் தடவை. ஏறி உட்கார்ந்து, என் வலது தோளைப் பிடித்துக்கொண்டாள். மெயின் ரோட்டில் எதிரே வந்த ஒரு ஆட்டோக்காரர் ஹைபீமை அடித்து அடித்துக் காட்டினார். அடுத்து பைக்கில் வந்தவன் கையை நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டே போனான். எனக்கு உறைக்கவில்லை. மகள் என் காதருகே குனிந்தாள்.

"அப்பா, எதிர்ல வர்றவங்க எல்லாம் நம்மளத்தாம்பா திட்டிட்டுப் போறாங்க."

அவளுக்கு அந்த வாக்கியம் தெரியாது. நான் அவளிடம் சொன்னதே இல்லை. அவள் அம்மா சொன்ன அதே இடத்திலிருந்து, அதே தோளைப் பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள். என் வாய் தன்னால் திறந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

வண்டியை ஓரங்கட்டினேன். மூடிய ஒரு குடோனின் சுவருக்கு நேராக நிறுத்தி, மகளை இறங்கிப் போய்ச் சுவரில் நான் சொல்லும் உயரத்தில் குறி போடச் சொன்னேன். கைப்பையில் துழாவி லிப்ஸ்டிக்கை எடுத்தாள்.

"நாளைக்கு வீட்ல பண்ணக்கூடாதாப்பா? மழை வர்ற மாதிரி இருக்கு" என்றாள்.

"கூடாது" என்றேன்.

குறி போட்டுவிட்டு வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நான் வண்டியின் டூல் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, குனிந்து ஸ்க்ரூவைத் திருகினேன். வெளிச்சம் சுவரில் இறங்கி வந்தது. எண்ணிக்கொண்டே திருகினேன். இரண்டேகால் சுற்றில் குறியைத் தொட்டது. முதல் துளிகள் விழ ஆரம்பித்தன, நான் உடனே கிளம்பவில்லை.

அடுத்த நாள் அவள் தன் ஸ்கூட்டரில் போய்விட்டாள். நான் தனியாகத் திரும்பினேன். ஏரிக்கரை ரோட்டில் வெளிச்சம் பழையபடி முன்சக்கரத்துக்கு அருகில் விழுந்து நின்றது. பின்னால் ஒரு ஆள் இருக்கிறாள் என்றே அந்த விளக்கு எண்ணிக்கொண்டிருக்கிறது. இனி அதைத் திருப்பப்போவதில்லை. வேகத்தைக் குறைத்து, ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்து, ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினேன். வளைவில் செக்யூரிட்டிப் பெரியவர் ஒதுங்கி நின்று எனக்கு வழிவிட்டார். நான் வண்டியை நிறுத்தி, பின்சீட்டில் ஏறிக்கொள்ளச் சொன்னேன்.