வெற்றுத் தோட்டாவும் ஒற்றை யானையும்

துப்பாக்கிக் கடை வேலை வீரமான வேலை என்று ஊரில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அது நாள் முழுக்க "இல்லை" என்று மரியாதையாகச் சொல்லும் வேலை.

ரங்கூனில், சூலே பகோடாவுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வெள்ளைக்காரர் கடையில் நான் குமாஸ்தா. மகாயுத்தம் முடிந்திருந்த சமயம். சாதாரணத் தோட்டா தாராளமாகக் கிடைத்தது. அபூர்வ அளவு ரைபிள் வைத்திருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டிலேயே மறுபடி மருந்தும் குண்டும் அடைத்துச் சுடுவார்கள். கூடு தேய்ந்துபோனால் புதுக் கூடு சீமையிலிருந்து வரவேண்டும். சீமைக்காரனோ போதிய ஆர்டர் சேர்ந்தால்தான் அந்த அளவில் கை வைப்பான். "அடுத்த கப்பலில் வரும்" என்று சொல்லிச் சொல்லியே நாக்குத் தேய்ந்த அன்பர்களே, உங்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை.

அடியில் ஒரு கோடு

ஊ தா டின் என்பவர் பெகு மலையடியில் ஒரு கிராமத்துத் தலைவர். ஊருக்கே ஒரு ரைபிள்தான். பென்ஷனில் போன காட்டிலாகாத் துரை ஒருவர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. கூட்டத்தை விட்டுப் பிரிந்த ஆண் யானை ஒன்று அவர்கள் வயலில் இறங்கிக்கொண்டிருந்தது. பரணில் காவல் இருந்த ஒருவரைக் கொன்றும்விட்டது. நடவு முடிந்திருக்கிறது, அறுவடை வரை தாங்கவேண்டும் என்றார். வேறு துப்பாக்கி வாங்கலாமென்றால் லைசென்ஸ் கிடைப்பதற்குள் யானைக்கே வயதாகிவிடும்.

பை நிறையப் பழைய கூடுகள் கொண்டுவந்திருந்தார். எங்கள் கடையில் மருந்து அடைக்கிறவர் ராவுத்தர் பாய். அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் சுற்றிலும் மெல்லிய கோடு விழுந்திருந்தது. இன்னொரு முறை வெடித்தால் கூடு அங்கேயே பிய்ந்து, சுடுகிறவர் முகத்துக்கே ஆபத்து. நான் "அடுத்த கப்பலில் வரும்" என்ற என் வழக்கமான பாட்டைப் பாடினேன். சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். ஊ தா டின் நிதானமாகப் பையை முடிந்துகொண்டு பர்மியில் சொன்னது தமிழில் இது (சயா என்றால் ஐயா):

"கப்பல் மெதுவா வரட்டும் சயா. யானைகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

பாய் மசியவில்லை

எனக்கு மனசு கேட்கவில்லை. இருப்பதில் நல்லதாகப் பார்த்து இரண்டையாவது அடைத்துக் கொடுங்கள் என்று பாயிடம் கெஞ்சினேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"யானை மிதிச்சா பழி யானைக்கு, தம்பி. நான் அடைச்சது பிஞ்சா அல்லா என்னைக் கேப்பான்."

வந்தது வேறு

கப்பல் வந்தது. பெட்டியும் வந்தது. ஊ தா டினும் ரயிலேறி வந்து பக்கத்தில் நிற்க, நான் பெரிய மந்திரவாதி தோரணையில் பலகையைப் பிரித்தேன். பாய் ஒன்றை எடுத்து அளந்தார்; அளந்துவிட்டுப் பெட்டியிலேயே திரும்ப வைத்தார். கூடு ஒரு நெல்மணி நீளம் அதிகம். ஊ தா டின் ரைபிளில் நுழையாது.

பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று இருந்தது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க, அவர் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"திருப்பி அனுப்பிடுங்க சயா. இதுக்காகவும் எங்கேயோ ஒருத்தன் காத்துக்கிட்டிருப்பான்."

டோ மியா ஊதினார்

கடைசியில் சரியான பொட்டலம் வந்து சேர்ந்தபோது வந்தவர் ஊ தா டின் மனைவி டோ மியா. யானை அவரை ஏதாவது செய்துவிட்டதா என்று பதறிக் கேட்டேன். அவருக்கு ஒன்றுமில்லை, அறுவடையில் இருக்கிறார் என்றதும்தான் மூச்சு வந்தது. பொட்டலத்தை எடுத்து வைத்தேன். அது இருக்கட்டும், அவசரமில்லை என்றார். ஒரு வாடிக்கையாளர் வாயால் அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றுதான். தேய்ந்துபோன கூடு இருந்தால் வேண்டும் என்றார்.

எதற்கு என்றேன். பையிலிருந்து ஒரு பழைய கூட்டை எடுத்து, அதன் வாயைத் தன் கீழுதட்டில் அழுத்தி ஊதினார். காதைக் கிழிக்கும் சீழ்க்கை. அடுத்த மேஜையில் சரக்குப் பார்த்துக்கொண்டிருந்த துரை ஒருவர் கையிலிருந்த தொப்பியைப் போட்டுவிட்டார்.

பறைக்கும் தீப்பந்தத்துக்கும் அசையாத யானை அது. ஒரு சாயங்காலம் அது வயலில் இறங்கியதும், நாலு பக்க வரப்பிலும் நின்ற பெண்கள் இப்படி ஒன்றாக ஊதியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் பாய்வதென்று தெரியாமல் காதை விரித்துக்கொண்டு நின்றதாம். பிறகு காட்டுக்குள் திரும்பிவிட்டதாம். மறுபடி வந்தபோதும் அப்படியே. இப்போது மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்குத்தான் இந்தக் கூடுகள். டோ மியா நின்றது காட்டோர வரப்பில், யானையின் வாடை முகத்தில் அடிக்கும் தூரத்தில். பாய் ஒதுக்கி வைத்திருந்த தேய்ந்த கூடுகளையெல்லாம் வாரிக் கொண்டுவந்து அவர் முன் கொட்டினார். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருந்துச்சு சயா. அதனாலதான் அவ்வளவு சத்தமா ஊத வந்துச்சு."

இத்தனை வருஷ உத்தியோகத்தில், கேட்டவுடன் எங்கள் கடை எடுத்துக் கொடுத்த ஒரே அபூர்வச் சரக்கு, எதற்கும் உதவாதென்று நாங்கள் கழித்துப் போட்டதுதான்.