தப்பாக வந்த சங்கு

"பாடி எங்க கீது?" என்று கேட்டுக்கொண்டேதான் அவர் ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவைத் திறந்தார். கையில் பித்தளைப் பூண் போட்ட வெள்ளைச் சங்கு, தோளில் துண்டு, நெற்றி நிறையத் திருநீறு. உள்ளே வயலினும் செல்லோவுமாக இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். எல்லோர் தலையிலும் ஹெட்போன். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எவரும் செத்த மாதிரித் தெரியவில்லை. "இன்னாபா, அல்லாரும் சோக்கா உக்காந்துகினு கீறீங்க? எப்ப எடுக்குறீங்க?" என்றார். வேறொரு நாளாக இருந்தால் நானே முதல் ஆளாகச் சிரித்திருப்பேன். அன்று சிரிக்க முடியவில்லை. கதவுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் எங்கள் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

திருவொற்றியூரில் வளர்ந்தவர்களுக்குச் சங்கு என்றால் இரண்டு. ஒன்று கம்பெனிச் சங்கு. "சங்கு ஊதிட்டான், எய்ந்திரு" என்றுதான் எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புவார்கள். சைரன் என்று சொன்னால் பீட்டர் விடுகிறான் என்பார்கள். இன்னொன்று சாவுக்கு ஊதுவது. ஒரே சொல்தான் என்றாலும் பேச்சில் குழப்பம் வந்ததில்லை. கம்பெனிச் சங்கு ஒரே மூச்சில் ஊதி நின்றால் ஷிப்ட். நிற்காமல் ஏறி ஏறி இறங்கினால் விபத்து. அப்போது எண்ணூர் நெடுஞ்சாலையில் பெண்கள் ஓடுவார்கள், அடுப்பை அணைத்தோமா என்றுகூட யோசிக்காமல். அப்படி ஒரு நாள் அம்மாவும் ஓடினாள். அப்பா வேலை பார்த்த கொதிகலன் வெடித்திருந்தது.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. கம்பெனி வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள், தெருவுக்குக் கொண்டுபோனால் கலவரமாகும் என்று சொல்லி, ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்கே வண்டியை ஓட்டிவிட்டார்கள். மேளமில்லை, பூவில்லை, சங்குமில்லை. உடல் வாசல் தாண்டியதும் வீட்டைக் கழுவிவிட வேண்டும் என்பதால் அம்மா குடங்களில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். பொணமே வராத வூட்ல இன்னாத்தக் கழுவறது என்று யாரோ அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டார்கள். மாத்தூரிலிருந்து தாமதமாக வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் அம்மாவிடம் அதையே கேட்டார்கள்: "எடுத்தாச்சா?" அம்மா பதில் சொல்லவில்லை. வராத ஒன்றை எடுத்தாச்சு என்று எப்படிச் சொல்வது?

அண்ணன் அப்போதே கிட்டார் பைத்தியம். துறைமுகப் பக்கம் கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் பழைய கேசட்டுகளை மூட்டையோடு கொண்டுவந்து கொட்டுவான். அட்டையில் நீளமுடிக்காரன் கிட்டாரோடு நிற்கிறான் என்று ஒரு கேசட்டை வாங்கிவந்தான். உள்ளே இருந்தது வேறு. பாட்டு இல்லை, தாளம் இல்லை, வயலின்கள் மட்டும். அவையும் ஒரு சுரத்தில் நிற்காமல், ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, கூட்டமாகச் சறுக்கி மேலே போயின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் அப்படி எழுதினார்கள் என்று பின்னால் நான் இசை படித்தபோது தெரிந்துகொண்டேன். அன்று டேப் சிக்கிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். அண்ணன் சத்தத்தைக் கூட்டினான். சமையலறையிலிருந்து அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள், எங்களைத் தாண்டினாள், செருப்பில்லாமல் தெருவில் இறங்கி நெடுஞ்சாலைப் பக்கம் ஓடினாள். பால் கடை வரை ஓடியவளை நான்தான் பிடித்து நிறுத்தினேன். திரும்பி வந்து அண்ணனை விட்டாள் ஓர் அறை. அதை வாங்கிக்கொண்டும் அவன் கேசட்டைப் பார்த்தபடியே நின்றான். "எவனோ ஒர்த்தன் எங்கியோ உக்காந்துகினு நம்ப கம்பெனி சங்க எய்தி வச்சுகீறான், பாரேன்" என்றான் என்னிடம்.

பிறகு அவன் ராக் குழு ஆரம்பித்தான், பெயரும் கிடைத்தது. நான் ராயபுரத்தில் ஒரு தேவாலய மாலை வகுப்பில் வயலின் கற்றுக்கொண்டு சினிமா ஒலிப்பதிவுகளுக்கு வாசிக்கப் போனேன். மின்கிட்டாரோடு பெரிய வாத்தியக்குழுவைச் சேர்த்து அவன் இசைத்தட்டுகள் போட்டபோதெல்லாம் விமர்சகர்கள் ஐரோப்பியத் தாக்கம், நவீனச் செவ்வியல் என்று எழுதினார்கள். அது பொய்யல்ல. அந்தக் கேசட்டை அவன் நாடா தேயும்வரை கேட்டவன். சுரங்களுக்குப் பதில் பட்டைகளும் கோடுகளுமாக இசை எழுதும் முறையைத் தேடித் தேடிப் படித்தவன். ஆனால் அவனுக்கு அந்த இசை எங்கிருந்து உள்ளே போனது என்பது எனக்குத் தெரியும். ஒரு முறை சொன்னான்: "நான் போட்ட எந்தப் பாட்டும் ஒர்த்தரையும் ஓட வக்கில. அது அம்மாவ ஓட வச்சிது." எனக்கு அது பிடிக்கவில்லை. அம்மாவின் ஓட்டம் இவனுக்குச் சங்கீதமா என்று வயிறெரிந்தது.

அந்த எரிச்சலோடுதான் அவனுடைய புதிய இசைத்தட்டின் ஒலிப்பதிவில் அன்று போய் உட்கார்ந்தேன். மூன்றாவது உருப்படி அப்பாவின் சாவைப் பற்றியது. வயலின்கள் எல்லாம் சேர்ந்து விபத்துச் சங்காக ஏறி இறங்க வேண்டும், கிட்டார் அதன் அடியில் உறும வேண்டும். "அத்த வாசிச்சா அம்மா தாங்காது" என்று நான் முன்பே சண்டை போட்டிருந்தேன். "மத்தியானம் அம்மாவையே வரச் சொல்லிகீறேன். கேக்கட்டும். வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா அங்கியே அயிச்சிர்றேன்" என்றான். சொன்னால் அழித்தேவிடுவான். பல வருட உழைப்பு, அதுவும் அம்மாவின் ஒரு வார்த்தையில். அம்மாவிடம் அவன் சொன்னது "ஒரு பாட்டு கேக்கணும், வா" என்பது மட்டும்தான்.

காலை முழுக்க வேலை நடக்கவில்லை. முதல் வயலின் வாசிப்பவரை நாங்கள் மாஸ்டர் என்போம். ராயபுரத்துக்காரர், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், அவர் வில்லை எடுத்தால் கல்லும் கரையும். அதுதான் தொல்லையாகிவிட்டது. காகிதத்தில் சுரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பட்டைகள் வளைந்து வளைந்து போனதைப் பார்த்து, "இது இன்னா நோட்ஸா, பக்கிங்காம் கால்வாய் மேப்பா?" என்றார். வாசித்தோம். எங்கள் விரல்கள் பழக்கத்தில் நடுங்கின, காதலி பிரிந்துபோகும் காட்சிக்கு வாசிக்கிற நடுக்கம். அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "இனிக்குது மாஸ்டர். விரல ஆட்டாதீங்க. சங்கு இனிக்காது" என்றான். மறுபடி வாசித்தோம், மறுபடி இனித்தது. மாஸ்டரின் கழுத்து நரம்பு புடைத்தது. "நாப்பது வருசமா அழகா வாசிக்கத்தான் தம்பி கத்துகினேன். அசிங்கமா வாசிக்க வேற ஆளப் பாரு" என்று வில்லைத் தளர்த்தினார். மாஸ்டர் எழுந்தால் பின்வரிசையும் எழும். எனக்கு உள்ளூர ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் அண்ணன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தது அந்த நேரத்தில்தான். அவளுக்குப் பின்னாலேயே சங்குக்காரர்.

நடந்தது இதுதான். வாத்தியக்காரர்களை ஏற்பாடு செய்யும் மேனேஜரிடம் அண்ணன் போனில், "மூணாவதுக்குச் சங்குதான் முக்கியம், மத்தியானம் அல்லாரும் ரெடியா இருக்கணும்" என்று சொல்லியிருக்கிறான். அவன் சொன்னது வயலின் வாசிக்கும் சங்கை. மேனேஜர் தெற்கே மாம்பலத்துக்காரர், அவர் ஊரில் சங்கு என்றால் கோயில். பக்திப் பாட்டுக்கு ஊதுகிறவர் அன்று கிடைக்காததால், காசிமேட்டில் தெரிந்த ஒருவரிடம் "ஒரு சங்கு அனுப்புங்க, அவசரம்" என்று முகவரி கொடுத்துவிட்டார். காசிமேட்டில் அவசரமாகச் சங்கு கேட்டால் வேறெதற்குக் கேட்பார்கள்? எங்கள் பக்கத்து ஆள் ஒருவர்கூட இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்.

மாஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டு வயலினைப் பெட்டிக்குள் வைத்தார். மேனேஜர் ஓடிவந்து சங்குக்காரரின் தோளைப் பிடித்து வெளியே தள்ளப் பார்த்தார். "கைய எடு சாரே. நீதான இட்டார சொன்ன?" என்று அவரும் எகிறினார். அண்ணன் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்து இருவருக்கும் நடுவில் நின்றான். "பாடி இல்லன்னா இல்லன்னு சொல்லு, நான் போய்கினே இருக்கேன்" என்றார் சங்குக்காரர்.

"பாடி வரல நைனா" என்றாள் அம்மா.

நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "கம்பெனிக்காரன் சங்கு ஊதுனான். நம்ப சங்கு ஒர்த்தரும் ஊதல. வந்தது வந்துட்ட, ஊதிட்டுப் போ."

"யாருக்கு தாயி?"

"எங்க வூட்டுக்காரருக்கு."

எப்போது செத்தார் என்று அவர் கேட்பார், எல்லாம் கெட்டுப்போகும் என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. தெற்கு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். குளிரூட்டிய அந்த அறையில் எங்களில் எவருக்கும் அது தெரியவில்லை. ஒலிப்பதிவாளர்தான் போனைப் பார்த்துக் கை காட்டினார். சங்குக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊதினார். சுவரெல்லாம் பஞ்சு வைத்த அறை, எதிரொலி கிடையாது. சங்குச் சத்தம் நேராக வந்து நெஞ்சில் இடித்தது. ஊதி முடித்ததும் அம்மா, "தண்ணி எங்க கீது? எடம் கய்வணும்" என்றாள். ஒலிப்பதிவாளர் பதறி, "அம்மா, தரையெல்லாம் வயர் கீதும்மா" என்று கும்பிட்டார். நான் என் குடிதண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். கதவைத் திறந்து, வாசற்படியில் மட்டும் ஊற்றிக் கையால் தள்ளிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன், அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு சின்னப் பையனாக அழுதான்.

மாஸ்டர் பெட்டியைத் திறந்தார். எங்கள் யாரையும் பார்க்காமல் வில்லை முறுக்கி, "விரல ஆட்டாதீங்கபா" என்று பின்வரிசைக்குச் சொன்னார். ஒரே தடவைதான் வாசித்தோம். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சத்தம்தானே அது, காலையெல்லாம் தெரியாத மாதிரி இருந்திருக்கிறோம். சங்கு ஏறும்போது அம்மாவின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது, பாதம் ஒன்று முன்னால் நகர்ந்தது. ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. முடிந்ததும் அண்ணன் அவள் முன்னால் குந்தினான். "அயிக்கட்டுமாம்மா?" என்றான். "அயிச்சின்னா இன்னொரு அறை வாங்குவ" என்றாள்.

மைக்குகள் திறந்தே இருந்தன. சங்குக்காரர் ஊதியதையும் அண்ணன் அந்த உருப்படியின் கடைசியில் சேர்த்துவிட்டான். விமர்சகர் ஒருவர், கடைசியில் வரும் அந்த ஒற்றைச் சங்கொலி மேற்கத்திய நவீன இசையிலிருந்து துணிச்சலான முறிவு என்று எழுதினார். அண்ணன் அதை எனக்கு அனுப்பி, மேனேஜருக்கும் அனுப்பினான். மேனேஜர் இப்போது அந்த யோசனை தன்னுடையது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும்.

கம்பெனி மூடிக் கிடக்கிறது. மதிலுக்கு உள்ளே மரம் முளைத்துவிட்டது. எந்தச் சங்கும் எங்களை எழுப்புவதில்லை. வெளியான தட்டில் பேச்சுக் குரல்களை அண்ணன் நீக்கிவிட்டான். என் போனில் இருப்பது முழுப் பதிவு. அப்பாவின் திவசத்தன்று அம்மா அதைப் போடச் சொல்வாள். இந்த வருடமும் சமையலறை பிரிட்ஜின் மேல் போனை வைத்துப் போட்டேன். அம்மா வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், அப்பாவின் படத்துக்கு அண்ணன் மாலை கட்டிக்கொண்டிருந்தான். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "பாடி எங்க கீது?" என்றது போன்.

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "எடுத்தாச்சு நைனா" என்று சொல்லிவிட்டு, அடுத்த காயைக் கையில் எடுத்தாள்.