நாற்பத்தொரு பிள்ளைகளின் தாய்

டப்பாவின் மேல் துவரம்பருப்பு என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. நஜீர் பாய் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்த பிறகுதான் மனைவியிடம் நீட்டுகிறார். "எழுதிக்கீதே, நம்ப மாட்டீங்களா?" என்று கேட்டுக் கேட்டு ஷாகிதாவுக்கு வாய் வலித்துப்போயிற்று. "நான் பட்டது எனக்குத்தாம்மே தெரியும்" என்பார்.

பட்ட இடம் அம்பத்தூர் எஸ்டேட். லேத் பட்டறை மாடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. இருபத்துமூன்று வருஷமாகப் பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து அங்கேதான் போகிறார். உதிரிபாகக் கிடங்குகளுக்கான புரோகிராம் எழுதுவது வேலை. அதை எழுதும் ஜாவா மொழியில், அந்தக் காலத்தில் ஒரு பட்டியலுக்குள் எதை வேண்டுமானாலும் போடலாம். போல்ட்டுகளோடு ஒரு பேரிங்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே எடுக்கும்போதுதான் சாயம் வெளுக்கும். அப்படி ஒருமுறை வாடிக்கையாளர் கண்ணெதிரே புரோகிராம் படுத்துவிட்டது, மானமே போயிற்று. பிறகு ஜெனரிக்ஸ் வந்தது. இது போல்ட் பட்டியல் என்று முன்பே எழுதிவிட்டால், வேறொன்றைப் போடும்போதே, எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் கையைப் பிடித்துவிடும். பாயோ இன்றைக்கும் எடுத்ததை ஒருமுறை சோதித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறார். சூடு கண்ட பூனை அல்லவா!

அவருடைய பெருமையெல்லாம் 'பொருள்' என்ற தாய் கிளாஸ், மற்ற அச்சுகளுக்கெல்லாம் மூல அச்சு. பெயர், எடை, இருப்பு இவற்றைக் கையாளும் விதத்தை அதில் ஒரே ஒருமுறை எழுதினார். போல்ட், பேரிங், கியர் என்று நாற்பத்தொரு பிள்ளை கிளாஸ்கள் அதை அப்படியே வாரிசாகப் பெற்றுக்கொண்டன. எழுதிய வாரம் அடைமழை, கரண்ட் இல்லை. அவரும் நண்பர் சின்னசாமியும் ஜன்னலோரம் காகிதத்தில் எழுதி, ஒருவர் தப்பை ஒருவர் அடித்துச் சிரித்தார்கள். சின்னசாமி எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார். 'பொருள்' கிளாஸைத் திறக்கும்போதெல்லாம் பாய்க்கு அந்த மத்தியானங்கள்தான் நினைவுக்கு வரும்.

போன வாரம் டீம் லீடர் சுதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க பாய். பொருள்ல ஒரு வரியைத் தொட்டா நாப்பத்தொண்ணும் ஆடுது. ஜெனரிக்ஸ் வெச்சு மாத்திட்டு, அதை எடுத்துடலாமா?"

பாய்க்கு மனசில்லை. ஆனால் அவள் சொல்வதில் நியாயம் இருந்தது.

"எடுத்துரலாம்மா. ஆனா நானே எடுக்கிறேன். வேற யாரும் கை வெக்க வாணாம்."

நாலு நாள் பிடித்தது. ஒவ்வொரு பிள்ளையாகப் பிரித்து, வேண்டியதைக் கொடுத்து, தனியே நிற்கவைத்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து பொருளை அழித்தார். சுதா பக்கத்தில் நிற்க, கம்பைல் செய்தார். எந்த மூலையிலாவது ஒரு சிவப்பு வரி எழுந்து, பொருளைக் காணோமே என்று கத்தாதா என்று உள்ளுக்குள் ஓர் ஆசை.

பிழை எதுவும் இல்லை.

"சூப்பர் பாய்! ஒண்ணுகூட உடையல."

"ஆமாம்மா" என்றார். அவள் தன் இடத்துக்குப் போகும்வரை காத்திருந்து, மறுபடி ஒருமுறை கம்பைல் செய்தார்.