குழாயை எடுத்த காலை

மருத்துவமனையில் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு, மூச்சுச் சிகிச்சையில் பட்டம் வாங்கிய கையோடு வருகிறவர்களைப் பழக்குவது என் வேலை. வெண்டிலேட்டரைப் பொருத்துவது, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வது, நேரம் வந்ததும் குழந்தையைத் தானாக மூச்சு விட வைப்பது, இதுதான் எங்கள் தொழில். வருகிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்களிடம் பழகிய கையோடுதான் வருவார்கள்.

போன மழைக்காலத்தில் உழவர்கரையிலிருந்து ஒரு பையன் வந்தான். வாலிபால் ஆடுகிறவன், நிலைவாசலில் குனிந்து வரும் உயரம். பொம்மைக் குழந்தையின் முகத்தில் மாஸ்க்கை வைத்து, காற்றுப் பையை அமுக்கச் சொன்னேன். அமுக்கியதில் பொம்மையின் மார்பு புடைத்துக்கொண்டு எழுந்தது.

"ரெண்டு விரல் போதும்பா. மார்பு லேசா அசைஞ்சதும் விட்டுடணும்."

"அவ்ளோதானா மேடம்?"

"மூணு மாசக் கொழந்தைக்கு அவ்ளோதான் மூச்சு."

அன்றைக்கு எங்களிடம் நிஜமாகவே ஒரு மூன்று மாதப் பெண் குழந்தை இருந்தாள். நிமோனியா, வாய்வழியே குழாய் விட்டு வெண்டிலேட்டரில் வைத்திருந்தோம். முத்தியால்பேட்டைக்காரர்கள், அப்பாவுக்குப் பெரிய மார்க்கெட்டில் பழக்கடை. அவளைப் பார்த்துவிட்டு அவன் ஓடி வந்தான்.

"மேடம், பாப்பா அழுவுது. வாயெல்லாம் கோணுது, கண்ணுல தண்ணி வருது, சத்தமே வரல!"

குழாய் குரல்வளை வழியாகப் போவதால் குரல் வராது என்று விளக்கினேன். படித்திருந்தான்தான். ஆனாலும் அவன் முகம் தெளியவில்லை. அதன்பிறகு அவளைத் தொடும்போதெல்லாம், "பாப்பா, சளி எடுக்கப் போறேன், கொஞ்சம் பொறுத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவான்.

சளி குறைந்தது. ஒரு காலை டாக்டர் குழாயை எடுக்கலாம் என்றார். எடுக்க அவனையே விட்டேன். டாக்டரும் நானும் பக்கத்தில் நின்றோம்.

பிளாஸ்திரியைப் பிரித்துக் குழாயை உருவினான். குழந்தை அழவில்லை. மார்பு அசையவில்லை. உதடு கறுக்கத் தொடங்கியது. நான் கை நீட்டுவதற்குள் அவன் மாஸ்க்கை வைத்துவிட்டான். இரண்டே விரல். மார்பு லேசாக எழுந்தது. விட்டான். மறுபடியும். "வா பாப்பா, வா, வந்துடு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். பொம்மையைப் புடைக்க வைத்த கைதானா இது என்று இருந்தது எனக்கு.

குழந்தை சட்டென்று முகத்தைச் சுளித்தாள். தலையைத் திருப்பி, கரகரவென்று அழுதாள்.

அந்த மூச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். மூளை, உதரவிதானம் என்று படம் போட்டுப் பாடமே நடத்துகிறேன். இருந்தும், நின்றிருந்த ஒன்று தானாகத் தொடங்குவதைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும். எத்தனை வருஷமானாலும் அது பழகவே மாட்டேன் என்கிறது.

சத்தம் கேட்டுக் கதவருகே வந்துவிட்ட தாயை நர்ஸ் உள்ளே கூட்டி வந்தார்.

"எம்புள்ளையா அழுவுது? கொரலு என்ன தம்பி இப்டி இருக்கு?"

"குழா இருந்ததுல தொண்ட புண்ணாயிருக்கும்மா. சரியாயிடும்."

"இருந்துட்டுப் போவுது. அழட்டும், நல்லா அழட்டும்" என்று சிரித்துக்கொண்டே முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குழந்தை அழுது களைத்துத் தூங்கிப்போனாள். டீ குடிக்கப் போகலாம் என்று அவனைக் கூப்பிட்டேன்.

"கொஞ்ச நேரம் இங்கயே நிக்கட்டுமா மேடம்?"

நானும் போகவில்லை. அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி தாயும் அவனும் நானும் நின்றுகொண்டிருந்தோம்.