அக்கா பின்னாலிருந்து படித்த புத்தகம்

என்னிடம் பழைய யாவோய் புத்தகங்கள் பதினேழு இருக்கின்றன. ஆணும் ஆணும் காதலிக்கும் கதைகளைப் பெரும்பாலும் பெண்கள் வரைந்து பெண்களே படிக்கும் ஜப்பானியப் படக்கதை வகை அது. எல்லாம் நான் பிறப்பதற்கு முன்பு அச்சானவை. ஜப்பானிய நிறுவனத்துக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை என்பதால் அந்த மொழியைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். கற்றேன். இதற்குப் பயன்படுத்துவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது எங்கள் மலை ஊரில் வீட்டிலிருந்தே வேலை. புத்தகப் பார்சல் சோளக்காடு என்ற பக்கத்து ஊரில் ஒரு கடையில் இறங்கும். கடைக்காரர், "ஆபீஸ் புக்குங்களா?" என்பார். "ஆமாங்க" என்பேன்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு அட்டவணையில் குறிப்பு எழுதுவேன். யார் யாரைக் காயப்படுத்துகிறார், அது காயம் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறதா, மன்னிப்புக் கேட்டார்களா, கேட்டதால் ஏதாவது மாறியதா. எல்லாம் நல்ல புத்தகங்கள் என்று சொல்ல மாட்டேன். நான்கில் வன்முறையையே காதல் என்று ஆசிரியரும் நம்பியிருக்கிறார். பதினேழிலும் சேர்த்துப் பெண்கள் ஒன்பது பேர். அதில் ஆறு பேர் தேநீர் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆனால் நல்லவற்றில் ஒரு நிதானம் உண்டு. அடிக்கும் காட்சி அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். மறுநாள் காலை மூன்று பக்கம் நீளும். அடி வாங்கியவன் பல் துலக்குகிறான். வசனம் கிடையாது. அவன் பாவம் என்றோ முட்டாள் என்றோ யாரும் நமக்குச் சொல்வதில்லை. காதலித்தால் எல்லாம் குணமாகிவிடும் என்றும் சொல்வதில்லை. இந்தக் கடைசி விஷயத்துக்காகவே பார்சலுக்குக் காத்திருப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் அக்கா திரும்பி வந்தாள். பெரியப்பா மகள். மலையின் இன்னொரு பகுதியான தேவனூர் நாட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. காலை பஸ்ஸில் ஒரு பையோடு இறங்கினாள். இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். அந்த அளவுக்கு வழுக்கும் இடம் அவர்கள் வீட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பேச வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் பக்கம் இதற்கு ஒரு முறை உண்டு. பெரியவர்கள் முன்னால், திரும்பிப் போகிறாயா என்று பெண்ணிடம் கேட்பார்கள், அவளே பதில் சொல்ல வேண்டும். அப்பா அம்மா சொல்வது செல்லாது. அக்கா என்ன சொல்லப்போகிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியம்மா ஒவ்வொரு வேளையும் சோறு போட்டுவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கட்டில் என் அறையில் மட்டும் இருந்ததால் அக்கா என்னோடு தங்கினாள். வியாழக்கிழமை நான் கம்ப்யூட்டரில் அலுவலகக் கூட்டத்தில் இருந்தபோது அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். பதினேழில் மிக இருண்ட கதை எதுவோ அதை. என்னால் அப்போது எதுவும் சொல்ல முடியவில்லை. கூட்டத்தை முடித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"ஏன் புள்ள, ரெண்டும் ஆம்பளைங்களா?"

"ஆமாக்கா."

"செரி." இன்னும் இரண்டு பக்கம் புரட்டினாள். "மூக்குதான் அருவாமனை மாதிரி இருக்குது."

எழுத்து புரியாததால் படங்களை மட்டும் பார்த்தாள். வெள்ளிக்கிழமை மதியம் முடித்துவிட்டாள்.

"நல்ல கதை கண்ணு. மொதல்ல ஒருத்தன் நெத்தியில கட்டுப் போட்டுட்டு அனாதையாட்டம் தனியா உக்காந்திருக்கான். அப்புறம் இன்னொருத்தன் வந்து அடிக்கறான். போகப் போக அடி கொறஞ்சிருது. ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. கடைசில பாரு, மழையில அவனுக்குக் கொடை புடிக்கறான். மனுசன் திருந்தறான்ல." புத்தகத்தை மூடினாள். "நானும் போயிரலாம்னு இருக்கேன். கொஞ்ச நாள் பொறுத்தா செரியாயிரும்."

ஜப்பானியப் புத்தகத்தை வலது பக்கத்திலிருந்து திறக்க வேண்டும். அக்கா நாம் திறப்பது போல் திறந்திருந்தாள். கதையின் கடைசிப் பக்கத்தில் தொடங்கி முதல் பக்கத்துக்குப் போயிருந்தாள்.

எனக்கு மூன்று வழிகள் தெரிந்தன. பேசாமல் இருப்பது, அது அவள் வாழ்க்கை என்பதால். வெறும் கதைதானே என்று சிரிப்பது. உள்ளதைச் சொல்வது. பிழை தெரிந்தால் சொல்லிவிடுவதுதான் என் வேலை. அதை வைத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பது வேறு ஆட்கள்.

"அக்கா, அத அந்தப் பக்கமிருந்து படிக்கணும்."

"எந்தப் பக்கம்?"

திருப்பிக் கொடுத்தேன். "இதான் மொதப் பக்கம்."

அக்கா மறுபடி உட்கார்ந்தாள். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி ஒன்றும் தட்டாமல் இருந்தேன்.

"அப்ப கொடை புடிச்சவன்தான் பின்னால அடிக்கறானா?"

"ஆமா."

"இந்தப் பக்கத்துல கால்ல உளுந்து அழுகறானே. அதுக்கப்புறமுமா?"

"ரெண்டு தடவ."

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டாள். நெற்றியில் கட்டோடு ஒருவன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கிறான். அறையில் வேறு யாரும் இல்லை.

"இவன நான் பாவம்னு நெனச்சேன்," என்றாள் அக்கா.

"தப்பிச்சு வந்துட்டான்க்கா. இது அவன் புது ரூமு."

அக்கா அந்த ஆரஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "கட்டுன புதுசுல அவரு என்னைய குச்சிக்கெழங்கு மூட்டை தூக்க உட மாட்டாரு. நான் தூக்கறேன்னு வாங்கிக்குவாரு." புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். மச்சான் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். அவர்கள் ஊர்ப் பெரியவர் நல்ல மனிதர்; அக்காவிடம் மெதுவாகத்தான் கேட்டார்.

"என்ன சாமி, வாரயா?"

"வரலீங்க."

"ஏன்னு ஒரு வார்த்தை சொல்லீரு."

அக்கா ஒரு வார்த்தையில் சொல்லவில்லை. மூட்டையை வாங்கிக்கொண்டதிலிருந்து தொடங்கி, எது முதலில், எது அடுத்து என்று மணிக்கட்டு வரை வரிசையாகச் சொன்னாள். அழவில்லை. நடுவில் மச்சான், "நான்தான் மன்னிப்புக் கேட்டனே" என்றார்.

"கேட்டீங்க. அத நான் இன்னும் சொல்லலீங்க, அடுத்தாப்ல வருது," என்றாள்.

பெரியவர் மச்சானைப் பேசாமல் இருக்கச் சொன்னார். அக்கா முடித்ததும், "வரலைங்குது. எந்திரிங்க," என்றார். பெரியம்மா எல்லோருக்கும் காப்பி கொடுத்தார். மச்சானுக்கும் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு அக்கா என்னிடம், "ஆஸ்பத்திரிக்குக் காலைல எத்தன மணிக்குப் பஸ்ஸு?" என்று கேட்டாள். மறுநாள் நானும் கூடப் போனேன். எப்படி அடிபட்டது என்று நர்ஸ் கேட்டார். அக்கா உள்ளதைச் சொன்னாள். நர்ஸ் எழுதிக்கொண்டார். எலும்பில் விரிசல், ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள்.